மலை கலங்கினால் குளம் தெளியாது

எனது முதல் ஆசிரிய நியமனம் கிண்ணியாவுக்குக் கிடைத்தது. அக்குறணையில் பிறந்து, பேராதனையில் தமிழ் சிறப்புப் பட்டம் முடித்தவன் நான். மலைநாட்டை விட்டு அதிகம் வெளியே போகாத எனக்கு, கடலும் களப்பும் வயலும் சூழ்ந்த அந்த ஊர் வேறொரு நாடு போலத்தான் இருந்தது. என்னோடு படிப்பித்த நண்பர் ஒருவர் ஒரு சனிக்கிழமை தம்பலகாமத்துக்குக் கூட்டிப் போனார். அவருடைய வாப்பா அங்கே கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர்.

வாய்க்கால் வரம்பில் நின்றபடி அந்தப் பெரியவர் என்னை விசாரித்தார்.

"சேர் எந்த ஊரு?"

"கண்டிப் பக்கம். அக்குறணை."

அவர் குனிந்து வாய்க்காலில் ஒரு கை தண்ணீரை அள்ளினார். விரல்களுக்கிடையால் அதை வடியவிட்டு உள்ளங்கையைக் காட்டினார். ரேகைகளில் மங்கிய செம்மண் படிந்திருந்தது.

"அப்ப இது ஒங்கட ஊரால வாற தண்ணிதான். தண்ணி அனுப்புறது நல்லம் சேர். மண்ணையும் சேத்து அனுப்பாம இருந்தா இன்னும் நல்லம்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு விடுதியில் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. பெரியவர் சொன்னது பகிடி அல்ல. அக்குறணை நகரை ஊடறுத்து ஓடும் பிங்கா ஓயா, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியில் விழுகிறது. அதற்குச் சற்றுக் கீழேதான் பொல்கொல்ல அணை. அங்கே மறிக்கப்படும் நீரில் ஒரு பகுதி சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவெல மின்நிலையத்துக்குப் போய், சுது கங்கையில் இறங்கி, அம்பன் கங்கையில் சேர்கிறது. போவதென்னவில் அது பிரிகிறது. ஒரு கிளை கலாவெவப் பக்கம் திரும்ப, மற்றது எலஹெர, மின்னேரியா, கவுடுல்ல என்று இறங்கிக் கந்தளாய்க் குளத்தை அடைகிறது. கந்தளாய்க் குளத்தின் நீர் வயலுக்கு மட்டும் போவதில்லை. சுத்திகரிக்கப்பட்டுத் திருகோணமலைப் பகுதி மக்கள் குடிக்கவும் போகிறது.

மலையில் வாழும் முஸ்லிமும் கடலோரத்தில் வாழும் முஸ்லிமும் ஒரே தண்ணீரின் இரு முனைகளில் இருக்கிறோம். இதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. இந்தத் தண்ணீரின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

குளத்துக்கு மேலே இருந்த காவல்

குளம் என்றதும் நமக்கு நினைவு வருவது குளக்கட்டு. மின்னேரியா என்றால் மகாசேன மன்னன். கந்தளாய் என்றால் தமிழ் மரபில் குளக்கோட்டன், பாளி வரலாற்று மரபில் இரண்டாம் அக்கபோதி. கட்டைக் கட்டியவர் யாரென்று நாம் இன்றும் வாதம் செய்கிறோம். கட்டுக்கு எதிர்ப்புறம், தண்ணீர் உள்ளே வரும் அலைகரைப் பக்கம் என்ன செய்தார்கள் என்று கேட்பவர் குறைவு.

வட மத்தியப் பகுதியின் பழைய கிராமக் குளங்களில் அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. அங்கே ஒரு குளம் தனித்து நிற்பதில்லை. ஒன்றின் மிகைநீரும் வயலின் கழிவுநீரும் அடுத்த குளத்துக்குப் போகும்படி, ஒரே சிறு பள்ளத்தாக்கில் வரிசையாகக் கட்டப்பட்டவை அவை. சிங்களத்தில் இதை எல்லங்காவ என்பார்கள். பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் இந்த வரிசையமைப்பை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் குளங்களின் மேற்புறத்தில் மண்ணுக்கென்றே காவல் வைத்திருந்தார்கள். சேனை நிலத்திலிருந்து ஓடிவரும் நீரை மறித்துத் திருப்பும் மண்வரம்பு இஸ்வெட்டிய. அதைத் தாண்டி வரும் நீரை வடிக்கும் புல்வெளி பெரஹன. பெயரின் பொருளே வடிகட்டி என்பதுதான். பிரதான குளத்துக்கு மேலே காட்டுக்குள் சிறு குளமொன்று இருக்கும், குளு வெவ. அதன் நீரை வயலுக்கு எடுப்பதில்லை. அதன் வேலை மண்ணைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது, காட்டு விலங்குகளுக்குத் தண்ணீர் கொடுப்பது. குளத்தின் மேல் விளிம்பில் கும்புக் மரம் போன்றவை நிறைந்த மரச்சோலை, கஸ்கொம்மன. அது காற்றைத் தடுக்கும், ஆவியாதலைக் குறைக்கும், வேர்களால் மண்ணைப் பிடிக்கும்.

ஆக, ஒரு மழைத்துளி சேனையிலிருந்து குளத்துக்குள் வருவதற்கு முன் மூன்று நான்கு இடங்களில் தன் மண்ணை இறக்கிவைக்க வேண்டியிருந்தது. இந்தக் குளக் கிராம முறையை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் உலகின் முக்கிய விவசாய மரபுரிமைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நாம் கட்டை மட்டும் பார்த்துப் பெருமைப்படுகிறோம். குளத்தைக் காத்தது கட்டுக்கு எதிரே இருந்த புல்லும் மரமும்தான்.

தடைக்காடும் காப்பியும்

மலைநாட்டில் கதை வேறு. கண்டி அரசர் காலத்தில் சில காடுகள் தஹன்சி கலே, அதாவது தடைக்காடு என்று ஒதுக்கப்பட்டிருந்தன. கண்டி நகரின் மேலே இருக்கும் உடவத்தக்கலே அப்படியானது. காடுகளுக்கூடாகப் போன ஒற்றையடிப் பாதைகளில் பொதிமாடுகளை ஓட்டியவர்களில் நம்மவர்கள் பலர். மடிகே பத்த என்ற அரசரின் போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் சேவை செய்ததை லோர்னா தேவராஜா போன்ற வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். உப்பும் கருவாடும் மேலே போயின. பாக்கும் மிளகும் கீழே வந்தன. அந்தப் பாதைகளின் இரு பக்கமும் காடு நின்றது.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசுக்கு உரியதாக்கியது. அந்தக் காணிகள் காப்பிக்கு விற்கப்பட்டன. சரிவிலுள்ள காட்டை வெட்டி, எரித்து, நட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் காப்பியைப் பிடித்தது. அது படுத்த இடத்தில் தேயிலை எழுந்தது. செடி மாறியது, செய்முறை மாறவில்லை. களையில்லாத தோட்டமே நல்ல தோட்டம் என்பது துரைமார் கொள்கை. தொழிலாளர்கள் சுரண்டியால் புல்லைச் செதுக்க, ஒவ்வொரு செதுக்கலிலும் மேல்மண் இளகி நின்றது. அடுத்த மழை அதைக் கழுவிக்கொண்டு போனது. செதுக்கச் சொன்னவர்களின் கணக்குப் புத்தகத்தில் அந்த மண்ணுக்கு ஒரு பத்தியும் இருக்கவில்லை.

எச்சரிக்கை வராமலில்லை. 1873இல், கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் டால்டன் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிப்பது தடுக்கப்பட்டது. ஆறுகள் பிறக்கும் உச்சிகளைக் காப்பதே நோக்கம். இன்று பிதுருதலாகல, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் எஞ்சியிருக்கும் காடுகளுக்கு நாம் அந்தத் தடைக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் காப்பி பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் வளர்ந்தது. கண்டி, கம்பளை, மாத்தளை மலைகள் பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே. உச்சி தப்பியது, இடுப்பு தப்பவில்லை.

சட்டம் சொன்னது

1931இல் மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவின் அறிக்கை அரசாங்க அமர்வுப் பத்திரமாக வெளிவந்தது. 1947 ஆகஸ்டில் மகாவலி பெருக்கெடுத்துக் கம்பளையையும் பேராதனையையும் மூழ்கடித்தது. கம்பளையில் எங்கள் உறவினர் வீட்டு மூத்தவர்கள் அண்மைக்காலம் வரை வயதையே அந்த வெள்ளத்தை வைத்துத்தான் சொல்வார்கள். "நான் வெள்ளத்துக்கு முந்தின புள்ள" என்பார் ஒரு மாமி.

அதன் பிறகு 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரிப்புக்கு உள்ளாகும் பகுதிகளைப் பிரகடனம் செய்யவும், அங்கே காணிக்காரர் எப்படிப் பயிரிட வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று ஒழுங்குவிதிகள் இடவும் அது அதிகாரம் கொடுத்தது. 1996இல் அது திருத்தப்பட்டது. சட்டம் இருக்கிறது. ஆனால் மழை பெய்யும் நேரத்தில் ஒவ்வொரு சரிவிலும் நின்று பார்க்க எந்த உத்தியோகத்தராலும் முடியாது.

மலையும் வரண்ட வலயமும் ஒன்றானபோது

1976இல் பொல்கொல்ல அணை இயங்கத் தொடங்கியதுதான் இந்தக் கதையின் திருப்பம். அதுவரை மலைநாட்டு மண் மகாவலியோடு தன் வழியில் போய்க் கடலில் சேர்ந்தது. பொல்கொல்ல திறந்ததிலிருந்து, மத்திய மலைகளின் நீர்ப்பிடிப்பும் மகாசேனன் காலத்துக் குளங்களும் ஒரே குழாயால் இணைக்கப்பட்டன. 1977க்குப் பின் மகாவலித் திட்டம் துரிதப்படுத்தப்பட்டது. விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல, ரந்தம்பே என்று நீர்த்தேக்கங்கள் எழுந்தன. பொறியியலாளர்கள் தண்ணீரைக் கொண்டுபோக வழி செய்தார்கள். மேலே இருக்கும் இஸ்வெட்டியவையும் பெரஹனவையும் கூடவே கொண்டுவர யாரும் நினைக்கவில்லை.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. 1988 அளவில், அதாவது 12 ஆண்டுகளில், பொல்கொல்ல நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் 44 சதவீதத்தை வண்டல் நிரப்பிவிட்டதாக அளவீடு காட்டியது.

மண் குளத்தின் இடத்தை மட்டும் பிடிப்பதில்லை, தண்ணீரின் குணத்தையும் மாற்றுகிறது. பாரமான மணல் முதல் தேக்கத்திலேயே தங்கிவிடும். மாப் போன்ற நுண்ணிய களிமண் தங்காது, நீரோடு வெகுதூரம் போகும். மரக்கறித் தோட்டங்களில் இடும் பசளையின் பொஸ்பரஸ் இந்தக் களித்துணிக்கைகளில்தான் ஒட்டிக்கொள்கிறது. தேங்கிய நீரில் அது பாசிக்கு உணவு. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகியது. 1999 மே மாதம் கண்டி வாவியும் அதே பாசியால் பச்சைச் சாயம் கரைத்தது போலானது. இந்த வகைப் பாசி நஞ்சையும் உண்டாக்கக்கூடியது. கண்டி வாவிக்கு நகரக் கழிவும் ஒரு காரணம். ஆனால் நீரில் சத்து மிகுந்தால் பாசி வரும் என்ற கணக்கு இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான்.

கலங்கல் நீரைச் சுத்திகரிக்கப் படிகாரம் அதிகம் வேண்டும். கிருமிகள் மண்துணிக்கைகளுக்குள் ஒளிந்துகொள்வதால் குளோரின் சரியாக வேலை செய்யாது. சுத்திகரிப்பு நிலையத்தின் செலவு மேலே வெட்டப்படும் மலையில் தொடங்குகிறது.

நமது பங்கு

இதுவரை துரைமாரையும் பொறியியலாளரையும் சொன்னேன். இனி எங்களைச் சொல்ல வேண்டும்.

என் வாப்பாவின் காலத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி இருந்தது பழைய கண்டித் தோட்டம். மேலே பலா, கித்துல். நடுவில் கராம்பு, சாதிக்காய். மரங்களில் மிளகுக் கொடி. கீழே கோப்பியும் இஞ்சியும். நிலத்தில் காய்ந்த இலை கணுக்கால் வரை கிடக்கும். கூட்டப் போனால் உம்மா ஏசுவார்: "முத்தத்தக் கூட்டு, தோட்டத்தக் கூட்டாத!" அவர் மண்ணியல் படித்தவரல்ல. ஆனால் 1980களில் மலைநாட்டு மண்ணரிப்புப் பற்றி வெளியான அளவீடுகளைப் படித்தபோது உம்மாவின் குரல்தான் கேட்டது. பாதுகாப்பில்லாத புகையிலைச் செய்கையில் ஹெக்டயருக்கு ஆண்டுக்கு 70 தொன் மண் போகிறது. போர்வையில்லாத பழைய தேயிலையில் 40 தொன். கலப்பு வீட்டுத் தோட்டத்தில் 0.05 தொன், அதாவது 50 கிலோ. புகையிலைச் சரிவு ஓராண்டில் இழக்கும் மண்ணை இழக்க எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு 1400 ஆண்டுகள் வேண்டும்.

வாப்பா மௌத்தான பின் காணி பங்காகியது. ஐந்து பேருக்கு ஐந்து துண்டு, எல்லாம் சரிவில். ஒவ்வொரு துண்டுக்கும் பாதை வேண்டும், வீடு கட்டச் சமதரை வேண்டும். என் பங்கில் நானும் வீடு கட்டினேன். பெக்கோ வந்து ஒன்றரை நாள் வெட்டியது. கராம்பு மரங்கள் இரண்டு போயின. வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்று சாரதி கேட்டார். "கீழே தள்ளுங்க" என்றேன். அது ஒக்டோபர் மாதம். அந்தக் கிழமையே மழை பிடித்தது. சிறு ஓடை செம்மண் குழம்பாகப் பிங்கா ஓயாவுக்கு இறங்குவதை நான் புதுவீட்டுத் திண்ணையில் நின்று பார்த்தேன். தம்பலகாமத்துப் பெரியவரின் உள்ளங்கை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் சிரித்தபடி சொன்னதை ஏற்றுக்கொண்ட நான்தான் அந்த மண்ணை அனுப்பினேன்.

அக்குறணையில் நெருக்கம் உண்மை. நமக்கு வேறு காணியில்லை, பிள்ளைகள் கூடுகிறார்கள், வியாபாரம் தெருவோரம்தான் நடக்கும். ஆனால் ஓயாவின் ஒதுக்கை ஒடுக்கிக் கட்டியவர்களும் மலையை வெட்டி மண்ணை ஓயாவில் தள்ளியவர்களும் நாம்தான். அந்த மண் படிந்து ஓயா மேடாக, மேடான ஓயா நம் கடைகளுக்குள்ளேயே வருகிறது. வெள்ளம் வந்த மறுநாள் கடைக்குள்ளிருந்து வாளி வாளியாக அள்ளிக் கொட்டும் சேறு, நம் தோட்டங்களிலிருந்து போன மேல்மண். அது மீண்டும் ஓயாவுக்குள்ளேயே கொட்டப்படுகிறது. அங்கிருந்து கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்ல.

ஹரீம் என்ற எல்லை

நம் பிக்ஹில் ஹரீம் என்றொரு சொல் உண்டு. கிணறு, ஊற்று, கால்வாய் என்பவற்றைச் சுற்றி, அவற்றுக்குத் தீங்கு வரும்படி வேறெவரும் தோண்டவோ கட்டவோ கூடாத எல்லை அது. உதுமானியர் 1869க்கும் 1876க்கும் இடையில் ஹனபி மத்ஹபின்படி தொகுத்த மஜல்லா சட்டம், கிணற்றின் ஹரீம் ஒவ்வொரு பக்கமும் 40 முழம் என்று வரையறுத்தது. ஷாபிஈ நூல்கள் அளவை ஊர் வழக்குக்கும் தேவைக்கும் விட்டாலும், ஹரீம் என்ற கருத்தில் பேதமில்லை. ஹூக்கரின் ஆலோசனையும் அதே ஆண்டுகளில்தான் வந்தது. ஓயாவின் ஒதுக்கு என்று அரசாங்கம் சொல்வதும், கஸ்கொம்மன என்று சிங்களக் கிராமத்தவர் சொன்னதும், ஹரீம் என்று நாம் சொல்வதும் ஒரே இடத்தைத்தான்: தண்ணீருக்கென்று விட்டுவைக்க வேண்டிய நிலம். ஒதுக்கை மீறுவதைப் பிரதேச சபையோடு உள்ள பிரச்சினையாக மட்டும் நாம் பார்க்கிறோம். அது கீழே இருப்பவரின் ஹக்கு.

வீடு கட்டாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. கட்டும் முறையைச் சொல்லலாம். சரிவில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெறுவதைக் கடதாசி வேலையாக மட்டும் எண்ணக்கூடாது. மண் வெட்டும் வேலையை மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். வெட்டிய மண்ணைக் கீழே தள்ளாமல் கல்லணை கட்டி அதே காணியில் நிறுத்தலாம். கூரைத் தண்ணீர் வெறும் மண்ணில் விழாமல் கானுக்குள் இறங்க வழி செய்யலாம். வெட்டுமுகத்தில் வெட்டிவேரைச் சமவுயரக் கோட்டில் நெருக்கமாக நடலாம். அதன் வேர் நேராகக் கீழே இறங்கும், அடிப்பாகம் மண்ணை மறிக்கும். பங்கு பிரிக்கும்போது ஓடையோரத்துத் துண்டை மட்டும் பிரிக்காமல், எல்லோருக்கும் பொதுவாக மரத்தோடு விட்டுவைக்கலாம்.

என் வீட்டுப் பின்புறத்தில் இப்போது கல்லணை இருக்கிறது. அதற்கு மேலே மூன்று வரிசை வெட்டிவேர். பிந்திச் செய்த வேலைதான். தம்பியின் துண்டில் இன்னும் வீடு எழவில்லை. அடுத்த ஜனவரியில் பெக்கோ வரும் என்கிறான். ஓடையோரத்தில் பத்தடி விடு என்று கேட்டிருக்கிறேன். "பத்தடி விட்டா வாகனம் நிப்பாட்ட எடமில்லயே நானா" என்கிறான். பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு வேலை கொடுக்கிறேன். மழை விட்டதும் பிங்கா ஓயாவிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் எடுத்து, வகுப்பு யன்னலில் வைக்க வேண்டும். மணல் சில நிமிடங்களில் அடியில் இறங்கும். கலங்கல் அடுத்த நாளும் நிற்கும், சில வேளை அதற்கடுத்த நாளும். போன தவணையில் ஒரு மகள் கேட்டாள்: "சேர், இது எவ்வளவு தூரம் போகும்?"

வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டு, அக்குறணையிலிருந்து கந்தளாய் வரை விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். அந்தப் பாடம் வரலாறா, புவியியலா, தமிழா என்று அதிபர் கேட்டால் என்னிடம் பதிலில்லை.